டேட்டாபேஸ் பாடத்தை ஊருக்குள் கொண்டுபோவது எப்படி

சிஸ்டம் அனாலிசிஸ், டேட்டாபேஸ் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் அதே நூலக மேலாண்மை ப்ராஜெக்ட்தான், அதிலும் பாதி சீனியரிடம் வாங்கிப் பெயர் மாற்றியது. அதற்குப் பதிலாக ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எடுத்துப் பாருங்கள். இது என்எஸ்எஸ் மாதிரி பாடத்துக்கு வெளியே ஆண்டுக்கு 120 மணி நேரம் செய்கிற சேவை இல்லை, பாடமே இதுதான், மதிப்பெண்ணும் இதில்தான்.

செமஸ்டர் தொடங்குமுன் நீங்களே போய் ஊக்குநரிடம், அதாவது குழுவை முன்னின்று நடத்துகிறவரிடம், பேசிவிடுங்கள். மாணவர்களை முதலில் அனுப்பினால் "ஆப் செய்து தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

முதல் இரண்டு வாரம் லேப்டாப்பே கூடாது. கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எப்படி எழுதப்படுகின்றன என்று பார்க்கட்டும். குழுவில் 12 முதல் 20 பேர்தான், ஆனால் அதற்குள் இரண்டு செல்வி இருப்பார்கள், ஒருவர் ஒரு நோட்டில் 'செல்வி', இன்னொன்றில் 'மு. செல்வி', மூன்றாவதில் 'செல்வி (டீக்கடை)'. பிரைமரி கீ, அதாவது ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் எண், எதற்கு என்று நான் போர்டில் எத்தனை தடவை எழுதினாலும் புரியாதது இங்கே அஞ்சு நிமிஷத்தில் புரிந்துவிடும். கடன் திருப்பும்போது அசலும் வட்டியும் ஏன் தனித்தனிக் கட்டம் என்பதும் அப்படித்தான்.

அப்புறம் வடிவமைப்பு. பல சமயம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே போதும், அதோடு நிறுத்துகிற மாணவர் குழுவுக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுங்கள்.

யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது ஊருக்குள் பெரிய விஷயம். அதனால் கிளாஸில் காட்டவும் கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் போடவும் கற்பனைப் பெயர்கள், கற்பனைத் தொகைகள் மட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இந்த இடத்திலேயே நடத்திவிடலாம், தனியாக ஒரு பீரியட் வேண்டாம்.

மதிப்பெண்ணில் பாதியை வாராவாரம் எழுதும் ஒரு பக்கக் குறிப்புக்கு வையுங்கள். 'நான் நினைத்தது என்ன, அங்கே நடந்தது என்ன', அவ்வளவுதான் கேள்வி.

கடைசித் தேர்வு வைவா இல்லை. ஒரு கூட்டம் முழுக்க ஊக்குநரே பதிவு செய்யட்டும், மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அதில் திணறினால் ப்ராஜெக்ட் முடியவில்லை என்று பொருள். நோட்டை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள், பையன்கள் பாஸாகிப் போனபின் யாரோ ஒருவருடைய இலவச சர்வர் கணக்கு மூடப்படும், அன்றைக்குக் கையில் இருப்பது அந்த நோட்டுதான். அடுத்த ஆண்டு பேட்ச்சும் அதே குழுவிடமே போகட்டும், முந்தைய பேட்ச் விட்டுப்போன பிழைகளே அவர்களுக்கு முதல் அசைன்மென்ட்.