செவிலியர் பணியில் தவிர்க்க வேண்டிய அறத் தவறுகள்

டி.பி.ஆர். சார்ட்டில் (காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. குறிக்கும் தாள்) இரவு 2 மணி, 4 மணி, 6 மணி மூன்றுக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் 120/80 என்று எழுதியிருந்தால், அந்த இரவு யாரும் பி.பி. பார்க்கவில்லை என்று பழகிய சிஸ்டர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அறம் என்றதும் உறுதிமொழியும் நைட்டிங்கேல் விளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. வார்டில் அது சறுக்குவது இந்த மாதிரி இடங்களில்தான்.

பார்க்காமல் எழுதுவது

பிரசவம் முடிந்த முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பி.பி., ரத்தப்போக்கு, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளம் தாய்மாரின் உடல் ரத்த இழப்பை வெகுநேரம் தாங்கிக்கொள்ளும். முதலில் நாடிதான் 84, 98, 116 என்று ஏறும். பி.பி. கடைசியில்தான் விழும், அப்போது நேரம் கையைவிட்டுப் போயிருக்கும். நடுவில் இரண்டு கட்டங்களை ஊகித்து நிரப்பினால் அந்த ஏற்றமே சார்ட்டில் தெரியாது. அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் அந்த எண்களை நம்பித்தான் வேறு படுக்கைக்குப் போவார்.

பார்க்க முடியாமல் போனால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு பார்த்ததை, பார்த்த நேரத்தோடு, தாமதப் பதிவு என்று குறித்து எழுதுங்கள். பிழையாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் நேரமும் போட வேண்டும். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். மருந்தும் அப்படித்தான்: நோயாளி விழுங்கிய பிறகே டிக். ட்ராலி கிளம்பும் முன்பே எல்லாருக்கும் டிக் போட்டுவிட்டால், வாந்தி எடுத்தவரும் ஸ்கேனுக்குப் போனவரும் ‘மாத்திரை சாப்பிட்டவர்’ ஆகிவிடுவார்கள்.

தவறை மறைப்பது

இங்கே பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது கால் மில்லி, அதாவது 25 யூனிட். கைத்தவறு யாருக்கும் நேரும். அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது. சொல்லாமல் விட்டால், அதிகாலையில் நோயாளி சர்க்கரை இறங்கி வியர்த்துக் குழறும்போது டியூட்டி டாக்டர் பக்கவாதமோ என்று தேடிக்கொண்டிருப்பார்.

உடனே சர்க்கரை பாருங்கள், டாக்டரிடம் அளவைச் சொல்லுங்கள், அவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இப்போது நோயாளி எப்படி இருக்கிறார் என்பது மட்டும் போதும். யார் மேல் தப்பு என்று அங்கே எழுத வேண்டாம். நோயாளியிடமும் குடும்பத்திடமும் டாக்டரோடு சேர்ந்து நின்று சொல்லுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு ஒரு வார்த்தை: பிழையைச் சொன்னவரை எல்லார் முன்னும் திட்டினால், அடுத்த பிழை உங்கள் காதுக்கு வரவே வராது.

கையெழுத்தைச் சம்மதம் என்று நினைப்பது

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் ஆப்பரேஷனுக்கு அவர்தான் சம்மதிக்க வேண்டும். பையனும் வீட்டுக்காரரும் கூட இருக்கலாம், ஆனால் அவர்கள் கையெழுத்து அதற்கு மாற்றாகாது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் கர்ப்பப்பையை எடுப்பதற்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. வயதுவந்த பெண் கருக்கலைப்புக்குச் சம்மதித்தால் போதும், கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம்.

ஆப்பரேஷனை விளக்க வேண்டியவர் அதைச் செய்யும் டாக்டர். படிவத்தை நீட்டும்போது “என்ன ஆப்பரேஷன்னே தெரியலம்மா” என்று நோயாளி சொன்னால் அங்கேயே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். மயக்கம் வரும் ஊசி போட்ட பிறகு கையெழுத்து வாங்காதீர்கள். கைநாட்டு வைப்பவருக்கு முழுதும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பிரசவத்தோடு காப்பர்-டி (கர்ப்பப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடுவதைப் பற்றி மாதப் பரிசோதனையிலேயே பேசிவிட வேண்டும். வலியின் உச்சத்தில் “போடட்டுமா?” என்று கேட்டு வரும் தலையாட்டல் சம்மதம் ஆகாது.

திரையும் சொல்லும்

கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடும்போது ஸ்க்ரீன் இல்லையென்றால், பக்கத்துப் படுக்கையின் அட்டெண்டர்களை வெளியே அனுப்பிவிட்டு, இடுப்புக்குக் கீழே தேவையான அளவு மட்டும் போர்வையை விலக்கினால் போதும். ஸ்க்ரீன் இல்லை என்பது வெட்கப்படுத்துவதற்குக் காரணமாகாது.

பேச்சிலும் அப்படியே. வேட்டி மடித்துக் கட்டிய பெரியவரை “ஏய், திரும்பிப் படு” என்றும், காரில் வந்தவரை “சார், கொஞ்சம் திரும்புறீங்களா” என்றும் சொல்லும் நாக்கு ஒன்றேதான். ‘ஐயா’, ‘அம்மா’ என்பதற்கு நேரம் ஒன்றும் கூடுதலாக ஆகாது.

எச்.ஐ.வி. உள்ளவரின் ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும், படுக்கைப் பலகையில் குறி போடுவதும், ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவரில் சத்தமாகச் சொல்வதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்துக்கு எதிரானவை. சிகிச்சைக்கு அவசியமான பணியாளர் தவிர மற்றவரிடம் சொல்ல அவருடைய சம்மதம் வேண்டும். ஸ்டிக்கரால் பாதுகாப்பும் அதிகமாகிவிடாது: பரிசோதிக்காத ரத்தம்தான் வார்டில் அதிகம், எனவே கையுறையும் ஊசி அப்புறப்படுத்தும் முறையும் எல்லாருக்கும் ஒன்றே. நோயாளியின் புண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே தவறுதான், முகம் தெரியாவிட்டாலும்.

கட்டிப் போடுவது

மூக்குக் குழாயைப் பிடுங்கும் தாத்தாவின் கையைக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டிவிடுவது ராத்திரி டியூட்டியின் பழைய வழக்கம். கட்டும் முன் ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, அடிவயிற்றில் சிறுநீர் தேங்கியிருக்கிறதா, வலி இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும். மகளையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்தாலே சிலர் அடங்கிவிடுவார்கள்.

வேறு வழியே இல்லையென்றால் டாக்டரின் எழுத்து உத்தரவு வாங்கி, குடும்பத்திடம் சொல்லிவிட்டு, இரண்டு விரல் நுழையும் தளர்வில், பஞ்சு வைத்த பட்டையால் கட்டுங்கள். முடிச்சைக் கட்டிலின் சட்டத்தில் போடுங்கள். பக்கத் தடுப்பில் கட்டினால், அதை இறக்கும்போது கை இழுபடும். விரல் நுனியின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்த்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, கையை நீட்டி மடக்கி, தண்ணீரோ சிறுநீரோ வேண்டுமா என்று கேளுங்கள். அவிழ்த்த நேரத்தையும் எழுதுங்கள்.