கழிவிலிருந்து எரிகட்டி: வன்னியில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உமி, மரத்தூள், ஊர்க் குப்பை எல்லாவற்றையும் அமுக்கி எரிகட்டி (பிரிக்கெட்) செய்து விற்கலாம் என்ற எண்ணம் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பலருக்கு உண்டு. நல்ல எண்ணம்தான். விறகுக்காகக் காடு அழிவது குறையும், குப்பை மேடும் குறையும். ஆனால் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் இயந்திரம் என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். எதைப் போடுவது, எதைப் போடவே கூடாது என்று முடிவெடுக்காமல் இயந்திரம் வாங்கினால் காசு முடங்கும்.

பிரதேச சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் வரும் குப்பையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சந்தையில் கழித்த மரக்கறி, வாழையிலை, சோற்று மிச்சம், இளநீர்க் கோம்பை என்று பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். 100 கிலோ குப்பையில் 60 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அமுக்குவதற்கு ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு 55 கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மிஞ்சுவது 45 கிலோகூட இல்லை. அந்தத் தண்ணீரை விறகு எரித்து உலர்த்தினால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை. ஈரக் குப்பையைக் கூட்டெருவுக்கு விட்டுவிட்டு, காய்ந்த கடதாசி, காட்போட் மட்டை போன்றவற்றை மட்டும் எடுங்கள்.

உமியும் மரத்தூளும் காய்ந்தவைதானே என்று கைப்பிடியால் அள்ளிப் பார்த்து முடிவு செய்வதும் பிழை. 100 கிராம் நிறுத்து, சூடான அடுப்பின் மேல் தட்டில் கருகாமல் வறுத்து, நிறை இனிக் குறையாது என்ற நிலையில் மறுபடி நிறுங்கள். 12 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் இன்னும் காய வேண்டும். ஈரமான தூளைத் திருகு இயந்திரத்தில் (சுழலும் திருகால் தூளைத் தள்ளி அமுக்கும் இயந்திரம்) போட்டால் உள்ளே நீராவி அடைத்து, போடுகிற வாய் வழியாகச் சூட்டோடு பின்னுக்கு அடிக்கும். முன்னால் நிற்பவரின் முகம் வெந்துபோகும்.

பிளாஸ்ரிக் விடயத்தில் எந்தத் தளர்வும் வேண்டாம். பொலித்தீன் கொஞ்சம் கலந்தால் நன்றாக எரியும், கட்டியும் இறுகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எரியும் என்பது உண்மைதான். ஆனால் குப்பையில் பொலித்தீன் மட்டும் தனியாக வருவதில்லை. பிவிசி குழாய்த் துண்டும் வயர் உறையும் சேர்ந்தே வரும். பிவிசியின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். அது எரியும்போது அமில வாயுவும் டயொக்சின் நஞ்சும் உண்டாகும். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் கழிவை எரிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே சூளைக்குள் 1,400 பாகைக்கு மேல் வெப்பம், நீண்ட குழாய், புகையை வடிக்கும் ஏற்பாடு, அளந்து பார்க்கக் கருவி எல்லாம் உண்டு. நம்முடைய குசினியில் அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதுகிற அம்மாவுக்கு இதில் ஒன்றும் கிடையாது. ரெஜிபோம், யூரியாப் பை, பொலியெஸ்டர் வெட்டுத்துணி, ரயர், வர்ணம் பூசிய பலகை, கராஜ் கழிவு எண்ணெய் எதுவும் எரிகட்டிக்குள் போகக் கூடாது. தைத்த துணி வெட்டுகளில் பருத்தி எது, பொலியெஸ்டர் எது என்று தெரியாவிட்டால், ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக உறையும்.

வன்னிக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. பழைய குப்பைக் குழிகளையும், பற்றை வெட்டிய காணிகளையும் கிண்டி மண்ணோடு அள்ளிய எதையும் மூலப்பொருளாக எடுக்காதீர்கள். போர் விட்டுச் சென்ற வெடிபொருட்கள் இன்னும் நிலத்துக்குள் கிடக்கின்றன. குப்பைக்குத் தீ மூட்டிய இடங்களில் அவை வெடித்து ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். ஆலையிலிருந்தும் மரக்காலையிலிருந்தும் நேரடியாகச் சாக்கில் வருவதை மட்டும் வாங்குங்கள். அதையும் சல்லடை போட்டு, காந்தம் பிடித்து, அப்புறம்தான் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். சந்தேகமான இரும்பு ஏதாவது கண்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

சரி, உமி? உமி சும்மா கிடைக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். நெல் அவிக்கும் ஆலைகள் தம் உமியைத் தாமே எரிக்கின்றன. செங்கல் சூளைக்காரரும் கோழி வளர்ப்பவரும் வாங்குகிறார்கள். காலபோக அறுவடை முடிந்த மாதங்களில் மலைபோல் குவியும், பிறகு தேட வேண்டிவரும். ஆண்டு முழுவதற்கும் யார் தருவார் என்று முதலே பேசி வையுங்கள். அடுத்தது சாம்பல். 100 கிலோ உமி எரிந்தால் ஏறக்குறைய 20 கிலோ சாம்பல் மிஞ்சும்; சுத்தமான மரத்தூளில் ஒரு கிலோ அளவுதான். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் உள்ள அதே கடினமான பொருள். எரிவதற்கு முன்பே அது திருகின் முனையை அரம்போல் தேய்த்துவிடும். திருகை மறுபடி வெல்டிங் வைத்துக் கட்டும் செலவு பலருடைய கணக்கில் இருப்பதே இல்லை. மரத்தூளோ கச்சான் கோதோ கலந்தால் சாம்பல் குறையும், தேய்மானமும் குறையும்.

மரத்திலும் உமியிலும் லிக்னின் என்ற இயற்கைப் பசை உண்டு; திருகு இயந்திரத்தின் சூட்டில் அது இளகிக் கட்டியை ஒட்டவைக்கும். கையால் அமுக்கும் அச்சில் அது இளகும் சூடு வராது. மரவள்ளி மாக் கஞ்சியோ ஊறிய கடதாசிக் கூழோ சேர்த்தால்தான் ஒட்டும். களிமண்ணைக் கூட்டினால் கட்டி உறுதியாகும், ஆனால் களிமண் எரியாது. வாங்கியவர் ஒருமுறையோடு நிறுத்திவிடுவார்.

ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை காய வைக்க முடியாது. நனைந்த எரிகட்டி ஊதிப் பொடியாகிவிடும். கூரையுள்ள கொட்டிலில், பலகை அடுக்கின் மேல், நிலத்தில் படாமல் வையுங்கள். வணிகமாகச் செய்வதென்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டுமா என்று கட்டடம் போடுவதற்கு முன்னரே பிரதேச சபையிலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும் கேளுங்கள். இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன், வேறு யாரிடமாவது அமுக்கி வாங்கிய ஒரு மூட்டையை ஒரு பேக்கரிக்கும் ஒரு நெல் ஆலைக்கும் கொடுத்து, அவர்கள் விறகுக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டு என்ன தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.