இடியன் துவக்கு: புதியவர்கள் விடும் பிழைகள்

நான் கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்துவிட்டாலும், பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகும் சொந்தக்காரப் பெடியள் இடியன் துவக்கு, அதாவது குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடித்து இறக்கும் துப்பாக்கி, வாங்கினால் வாட்ஸப் எனக்குத்தான் வருகிறது. பழைய மாதிரி நல்லதா, புது மாதிரி நல்லதா என்று முதலில் ஒரு சண்டை. அது அவரவர் ரசனை. கண்ணாடி போடு, விசையில் விரல் வைக்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

குழலைப் பாராமல் குண்டு வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். குழலின் உள்ளே வெட்டியிருக்கும் புரிதான் குண்டைச் சுழற்றுகிறது. துணித்துண்டில் பொதிந்து இறக்கும் உருண்டை ஈயக்குண்டுக்கு மெதுவான முறுக்கே போதும்: 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிளாஸ்டிக் உறையோடு வரும் நீளக் குண்டுக்கு அது போதாது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் வேகமான முறுக்கு வேண்டும். 1985இல் அமெரிக்கத் துவக்குத் தயாரிப்பாளர் டோனி நைட்டின் எம்.கே-85 வந்த பிறகு பரவிய, இன்லைன் எனும் புது மாதிரித் துவக்குகள் பெரும்பாலும் இந்த வகை. 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம், அவ்வளவுதான்.

என் பெறாமகன் ஒருவன் 66 அங்குல முறுக்குள்ள அழகான பழைய பாணித் துவக்கை வாங்கினான். கடைக்காரர் "எல்லாம் போகும்" என்று நீளக் குண்டுப் பெட்டியொன்றையும் தலையில் கட்டிவிட்டார். அவன் அனுப்பிய படத்தில் அட்டையில் விழுந்த ஓட்டைகள் பேரீச்சங்கொட்டை போல நீண்டிருந்தன. ஒன்றில் குண்டின் பக்கவாட்டு உருவமே அச்சாகப் பதிந்திருந்தது. குண்டு புரண்டு, குறுக்காகப் போய் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்தும் அவன் குறிக்கண்ணை நகர்த்தினான், மருந்தைக் கூட்டினான், இன்னொரு பெட்டி வாங்கினான், அப்புறம் ஸ்கோப்பும் வாங்கினான். வேட்டைக் காலம் முடிந்தே போனது. உருண்டைக் குண்டு ஒரு பெட்டியோடு தீர்ந்திருக்க வேண்டிய காரியம்!

முறுக்கு தெரியாவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கைப்பிடியைப் பிடித்திருந்தாலும் தானாகச் சுழலும் சலாகையில் இறுக்கமான துணியைச் சுற்றி அடிவரை இறக்குங்கள். சலாகையில் ஓர் அடையாளம் வைத்து மெல்ல வெளியே இழுங்கள். அடையாளம் கால் சுற்றுத் திரும்புவதற்குள் 7 அங்குலம் வந்தால் 28. 12 அங்குலம் வந்தால் 48.

புகையற்ற மருந்து

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் இதைக் கறுப்பு மருந்துக்கென்று செய்த இடியன் துவக்கில் போடவே கூடாது. குழல் வெடிக்கும்.

மருந்தை நிறுப்பது

கறுப்பு மருந்தையும் அதன் மாற்றுகளையும் கொள்ளளவில்தான் அளப்பார்கள். தராசை ஒதுக்கி வையுங்கள்.

நாளைக்குக் கழுவலாம் என்பது

பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்தைப் போட்டால் துரு பிடிக்காது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிடிக்கும். எரிந்த கசடு ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே சுடுநீரும் சவர்க்காரமும், பிறகு துடைத்து எண்ணெய்.

சட்டத்தைப் படிக்காமல் வாங்குவது

பென்சில்வேனியாவில் நத்தார் கழிந்து வரும் பருவத்தில் இடியன் துவக்குகளில் சக்கிமுக்கிக் கல் தட்டி வெடிப்பதற்கு மட்டுமே அனுமதி. இன்லைனை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும்.

இங்கே கொண்டுவர நினைப்பது

"சித்தப்பா, சுவரில் மாட்ட ஒன்று கொண்டு வரட்டா?" வேண்டாம். இலங்கையில் துவக்குகளைக் கட்டுப்படுத்தும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.