கிராண்ட் கேன்யன் முதல் தடவையா? ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க படிப்படியாக ஒரு திட்டம்

லாஸ் வேகஸ் போகிறோம், அப்படியே ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு போய் கிராண்ட் கேன்யனையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நிறைய பேர் திட்டம் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேகஸிலிருந்து சவுத் ரிம் (பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு) ஏறக்குறைய 280 மைல், ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். போகவர ஒன்பது மணி நேரம் காரிலேயே போய்விடும். மிஞ்சும் இரண்டு மணி நேரமும் பெரும்பாலும் உச்சி வெயிலில்தான் வரும். அந்த நேரத்தில் பள்ளத்தாக்கில் நிழலே இருக்காது, நிறமும் வெளுத்துப்போய்த் தெரியும். இந்த இடத்தின் அழகு காலையிலும் மாலையிலும்தான். அதனால் ஒரே ஒரு ராத்திரியாவது தங்குங்கள். கீழே சொல்லியிருப்பது எல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

படி 1: எந்தக் கேன்யன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கண்ணாடித் தரைப் பாலம், அதாவது ஸ்கைவாக், இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட்டில். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவுக்குள் வராது. அதற்கு டிக்கெட் தனி, பூங்கா பாஸ் செல்லாது. 2007-இல் திறந்த அந்தப் பாலத்துக்கு வேகஸிலிருந்து போவது சுலபம், ஆனால் சவுத் ரிம்மிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதை மறந்துவிடுங்கள்.

நார்த் ரிம் என்று ஒன்று எதிர்க்கரையில் இருக்கிறது. பறவை பறந்தால் பத்து மைல், காரில் சுற்றிப் போனால் இருநூறு மைலுக்கு மேல். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். 2025 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய லாட்ஜும் எரிந்துபோனது. முதல் தடவை என்றால் யோசிக்கவே வேண்டாம், சவுத் ரிம்தான். வருடம் முழுக்கத் திறந்திருக்கும், பஸ் இருக்கும், சாப்பாடு இருக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் வசதி இருக்கும்.

படி 2: மாதம்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும். மின்னல் அடித்தால் விளிம்பை விட்டு உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். சவுத் ரிம் ஏறக்குறைய 7,000 அடி உயரம் என்பதால் கோடையிலும் ராத்திரி குளிரும். அரிசோனா என்றால் பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் பனி விழும். பனி மூடிய செம்பாறை தனி அழகு, ஆனால் பாதை உறைந்து வழுக்கும், செருப்பின் கீழ் மாட்டும் இரும்பு முள் இல்லாமல் கீழே இறங்க வேண்டாம்.

படி 3: அறை

பூங்காவுக்குள் உள்ள முக்கிய லாட்ஜ்களுக்கு 13 மாதம் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும். 1905-இல் கட்டிய எல் டோவார் அழகானது, விலையும் அதற்கேற்ப. பிரைட் ஏஞ்சல் லாட்ஜ் கொஞ்சம் எளிமையானது, ஆனால் கதவைத் திறந்து சில எட்டு வைத்தால் விளிம்பு. எனக்குக் கேட்டால் அதுதான் பணத்துக்கு உகந்தது. இடம் இல்லை என்று வந்தால் விட்டுவிடாமல் பயணத்துக்கு முந்தைய வாரங்களில் அடிக்கடி பாருங்கள், ரத்தாகும் அறைகள் திரும்ப வரும். அதுவும் கிடைக்கவில்லையா, தெற்கு வாசலுக்கு வெளியே டுசாயன் என்ற சிற்றூர். அதற்கும் அப்புறம் வில்லியம்ஸ் (60 மைல்) அல்லது ஃபிளாக்ஸ்டாஃப் (80 மைல்).

குழந்தைகள் இருந்தால் வில்லியம்ஸில் தங்குவதில் ஒரு லாபம் உண்டு: அங்கிருந்து கிராண்ட் கேன்யன் ரயில்வே கிளம்புகிறது. 1901-இல் போட்ட பாதை, இரண்டேகால் மணி நேரத்தில் நேராக விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் அதே நாளில் அந்த ரயிலிலேயே திரும்பினால் சூரிய அஸ்தமனம் கிடைக்காது, யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: நுழைவுக் கட்டணம்

ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு எல்லா தேசியப் பூங்காவுக்கும் சேர்த்து வருட பாஸ் 80 டாலர். இங்கே கவனம்: 2026 ஜனவரியிலிருந்து கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில், பாஸ் இல்லாமல் வரும், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும், 16 வயதும் அதற்கு மேலும் என்றால், கூடுதலாக 100 டாலர். அவர்களுக்கான வருட பாஸ் 250 டாலர். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து அழைத்துப் போகிறவர்கள் கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் இந்த விதியை முழுசாகப் படித்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான்.

படி 5: முதல் நாள் மதியம், சாயங்காலம்

வார இறுதியிலும் விடுமுறையிலும் தெற்கு வாசலில் கார்கள் நீளமாக நிற்கும். காலை ஒன்பதுக்கு முன்னாலோ மூன்று மணிக்குப் பிறகோ போய்ச் சேருங்கள். விசிட்டர் சென்டரில் காரை நிறுத்திவிட்டு அதை மறந்துவிடுங்கள், இனி இலவச ஷட்டில் பஸ்தான். பெட்ரோல் மட்டும் டுசாயனிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள், லாட்ஜ்கள் இருக்கும் வில்லேஜ் பகுதிக்குள் பங்க் இல்லை.

பார்க்கிங்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் மேத்தர் பாயின்ட் என்ற காட்சி முனை. கூட்டமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, முதல் பார்வை அங்கேயே இருக்கட்டும். அப்புறம் இடது பக்கம் விளிம்பை ஒட்டியே நடந்தால் யவபாய் நிலவியல் அருங்காட்சியகம் வரும். இங்கிருந்து வில்லேஜ் வரை போகும் நடைபாதையை யாரும் தவறவிடக் கூடாது என்பேன். 'ட்ரெயில் ஆஃப் டைம்' என்று பெயர். தரையில் மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி, ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் வருடம். நடக்க நடக்கக் காலத்தில் பின்னால் போகிறீர்கள். கேன்யனின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த பாறையை அதன் வயது வரும் இடத்தில் வைத்திருக்கிறார்கள், தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். விளிம்பில் நாம் நிற்கும் கைபாப் சுண்ணாம்புக்கல் 27 கோடி வருடம் பழையது, அது சீக்கிரமே வந்துவிடும். அடியில் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் கறுத்த பாறையைத் தொட ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 175 கோடி வருடம். அந்தப் பாறையின் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். 1880-களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் உள்ளே நிற்கும் சிகரங்களுக்கு விஷ்ணு, சிவன் என்று பெயர் சூட்டினார், இன்றைக்கும் வரைபடத்தில் விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள் என்றே இருக்கிறது. கூட வரும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

சாயங்காலம் பிரைட் ஏஞ்சல் லாட்ஜ் பக்கத்திலிருந்து சிவப்பு வழித்தட பஸ் ஏறி ஹோப்பி பாயின்ட். மார்ச் முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் சொந்தக் கார் விடமாட்டார்கள். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சூரியன் மறைகிற திசையையே பார்த்துக்கொண்டிருக்காமல் முதுகைத் திருப்பி கிழக்கே பாருங்கள், எதிர்ப் பாறைகள் மஞ்சளிலிருந்து செம்மைக்கும் அப்புறம் ஊதாவுக்கும் மாறுவது அந்தப் பக்கம்தான். பெரும்பாலான இடங்களில் கம்பித் தடுப்பு கிடையாது, குழந்தைகளின் கையை விடவே கூடாது. ராத்திரி நிலா இல்லாவிட்டால் வெளியே வந்து வானத்தையும் பாருங்கள், 2019-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்று சான்று பெற்ற இடம் இது.

படி 6: இரண்டாம் நாள் விடியலில் கொஞ்சமாவது கீழே இறங்குங்கள்

மேலிருந்து மட்டும் பார்த்தால் படம் பார்த்த மாதிரியே இருக்கும், அரை மணி நேரம் கீழே நடந்தால்தான் அந்த ஆழம் உடம்புக்குப் புரியும். ஆரஞ்சு வழித்தட பஸ்ஸில் சவுத் கைபாப் ட்ரெயிலுக்குப் போங்கள். தொடக்கத்தில் வெளிர்மஞ்சள் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து பாதை இறங்கும். 0.9 மைலில் ஊ ஆ பாயின்ட், முதல் தடவைக்கு இதுவே போதும். தெம்பு இருந்தால் ஒன்றரை மைலில் சீடர் ரிட்ஜ், அதற்குள் 1,100 அடிக்கு மேல் இறங்கியிருப்பீர்கள், காலடி மண்ணும் சிவந்துவிடும். அங்கே கழிப்பறை உண்டு, தண்ணீர் கிடையாது.

இறங்குவதற்கு ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும். பாதித் தண்ணீர் தீர்வதற்குள் திரும்பிவிடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும், அதனால் உப்புத் தின்பண்டம் வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் காராபூந்தியும் இதற்கு அருமை. எதிரே கோவேறு கழுதைக் கூட்டம் வந்தால் நின்று, ஓட்டி வருபவர் சொல்லும் பக்கம் ஒதுங்குங்கள். அணில்கள் காலடிக்கே வரும், தீனி போட வேண்டாம், நன்றாகக் கடிக்கும். கோடையில் கீழே போகப் போக வெப்பம் ஏறும், காலை பத்துக்குள் மேலே வந்துவிடுவது நல்லது. ஒரே நாளில் ஆறு வரை போய் வரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், பூங்காவே வேண்டாம் என்கிறது.

படி 7: கிழக்கு வாசல் வழியே திரும்புங்கள்

வந்த வழியே திரும்பாமல் காரை எடுத்துக்கொண்டு டெசர்ட் வியூ சாலையில் கிழக்கே போங்கள். கிராண்ட்வியூ, மோரான், லிப்பான் என்று வழியெல்லாம் பாயின்ட்கள் உண்டு. எல்லாவற்றிலும் இறங்க நேரம் இருக்காது, ஒன்று மட்டும் என்றால் லிப்பான்: கொலராடோ ஆறு நெடுந்தூரத்துக்குத் தெரியும். கடைசியில் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-இல் கட்டிய 70 அடி கல் கோபுரம். உள்ளே சுவரில் ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃப்ரெட் கபோட்டியின் ஓவியங்கள் இருக்கின்றன. மேலே ஏற அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

அங்கிருந்து கேமரன் வழியாக ஃபிளாக்ஸ்டாஃப். கேமரன் நவஹோ பழங்குடியினரின் நிலம். அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோக்கள் மாற்றுகிறார்கள், அதனால் கோடையில் போனில் மணி திடீரென்று ஒரு மணி நேரம் தாவும். அடுத்து, நவஹோ நிலத்திலேயே இருக்கும் ஆன்டிலோப் கேன்யனுக்கு டூர் பதிவு செய்திருந்தால் எந்த நேரக் கணக்கு என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும், குதிரை அளவு உயரம், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.