ரிவர்ஸ் லூப் வயரிங்: டிசிசி லேஅவுட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மாடல் ரயில் லேஅவுட் டிசிசி வகை, அதாவது தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளையும் போகும். அதில் ரிவர்ஸ் லூப் (ரயில் வளையம் சுற்றித் தன் பழைய பாதையிலேயே திரும்பும் அமைப்பு) போட்டு முடித்ததும் முதலில் இன்ஜினை மட்டும் விட்டுப் பார்த்தேன். லூப்புக்குள் நுழையும்போது பலகைக்கு அடியில், லூப்பின் மின் இணைப்பைத் தானாகத் திருப்பும் ஆட்டோ ரிவர்சரின் ரிலே ‘டிக்’ என்றது. இன்ஜின் கொஞ்சமும் தயங்காமல் சுற்றி, வந்த வழியே திரும்பியது. மூன்று வாரம் அப்படியே ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே விளக்கு எரியும் ஆறு பெட்டிகளைக் கோத்து அனுப்பினேன். ரிலே நிற்காமல் படபடத்தது, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, லேஅவுட் முழுவதும் மின்சாரம் போனது. ஆட்டோ ரிவர்சர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கி மாட்டினேன். அதுவும் அதேபோலப் படபடத்தது.

இரண்டு ரிவர்சரும் நன்றாகத்தான் இருந்தன. லூப்பின் மின்சாரத்தைப் பிரிக்க நான் தண்டவாளத்தை வெட்டிய இடம்தான் தவறு. அதற்குப் பிறகு நண்பர்களுடைய லேஅவுட்டுகளில் பார்த்த லூப் கோளாறுகளும் பெரும்பாலும் இதே வகைதான். லூப் பகுதி ஒரு தீவு மாதிரி இருக்க வேண்டும். மின்சாரம் அதற்குள் போக ரிவர்சர் என்ற ஒரே பாலம்தான் இருக்கலாம். வேறு எங்காவது ஒரு சின்ன வழி இருந்தாலும், ரயில் ஒரே நேரத்தில் தீவின் இரண்டு கரைகளையும் தொட்டாலும், எவ்வளவு விலை உயர்ந்த ரிவர்சரும் தோற்றுவிடும்.

ஷார்ட் சர்க்யூட் ஏன் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பாதையில் இரண்டு ரெயில்கள், அதாவது இரண்டு உலோகத் தண்டுகள். ஒரு ரெயில் மின்சாரத்தின் ஒரு முனை, எதிர் ரெயில் மறுமுனை. ரயில் வளையத்தைச் சுற்றித் தன் பழைய பாதையிலேயே திரும்பிச் சேரும்போது, இடது ரெயில் போய் வலது ரெயிலுடன் சேருகிறது. நேர் ஷார்ட். ‘டிசிசியில் பிளஸ் மைனஸ் கிடையாதே, அப்புறம் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. டிசிசி என்பது மாறி மாறித் திசை திரும்பும் சதுர அலை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் தரத்தின்படி 1 என்ற பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி, 0 என்றால் 100 மைக்ரோ விநாடி அளவு. நிலையான பிளஸ் இல்லை என்பது சரிதான். ஆனால் எந்தக் கணத்தை எடுத்தாலும் இரண்டு ரெயில்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில்தான் இருக்கும். இதைத்தான் ஃபேஸ் என்கிறோம். எதிர் ஃபேஸ்கள் தொட்டால் ஷார்ட்.

டிசிசி தரும் சலுகை வேறு. இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் டிகோடர் எந்த ரெயில் எந்த ஃபேஸ் என்று பார்ப்பதில்லை. முன்னால் போ என்றால் முன்னால் போகும். அதனால் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியில் ஃபேஸை மாற்றிவிடலாம். ஆட்டோ ரிவர்சர் செய்வது அதுதான். சக்கரம் வெட்டைத் தாண்டும்போது ஷார்ட் வந்தால், லூப் பகுதியின் ஃபேஸை நொடியில் சிறு பங்கு நேரத்துக்குள் திருப்பிவிடும்.

லூப் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவது

பலூன் வடிவ லூப் யார் கண்ணுக்கும் தெரியும். தெரியாமல் ஒளிந்திருப்பவைதான் தொல்லை. நீள்வட்டத்தின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போடும் இணைப்புப் பாதை ஒரு ரிவர்ஸ் லூப். இன்ஜினைத் திருப்ப உதவும் முக்கோணப் பாதையும் அப்படியே. எலும்பு வடிவ லேஅவுட்டில் இரண்டு முனையிலும் வளையம் தெரியும், ஆனால் அது அமுக்கிய நீள்வட்டம்தான், ரிவர்சர் தேவையில்லை. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பாதைகளுக்கு இடையே ஒரு கிராஸ்ஓவர் (இணைப்புப் பாதை) போட்ட கணமே நிலைமை மாறிவிடும், இரண்டு முனையும் ரிவர்ஸ் லூப் ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. டார்ஜிலிங் மலை ரயிலின் பட்டாசியா லூப்பை மாடலாகச் செய்ய விரும்பிய ஒருவர், பெயரில் லூப் இருப்பதால் ரிவர்சர் வாங்கி வைத்திருந்தார். அது சுருள் பாதை. ரயில் தன் பாதைக்கு மேலேயே ஏறிக் கடந்து மேற்கொண்டு போகிறது, பழைய பாதையில் சேர்வதில்லை. ரிவர்சருக்கு அங்கே வேலையே இல்லை. லண்டன் நார்தர்ன் லைனில் இருக்கும் கென்னிங்டன் லூப் வேறு கதை. அதில் ரயில் ஒரு வளையம் சுற்றி, வந்த திசைக்கே திரும்பிப் போகிறது.

சந்தேகம் இருந்தால் தாளில் பாதையை இரட்டைக் கோடாக வரையுங்கள். ஒரு ரெயிலுக்குச் சிவப்புப் பென்சில், இன்னொன்றுக்கு நீலம். பாயிண்ட்டுகள் (பாதை பிரியும் இடங்கள்) வழியாகக் கிளை கிளையாகப் போய் எல்லாப் பாதையையும் வண்ணமிடுங்கள். எங்கே சிவப்பும் நீலமும் சேர்கின்றனவோ அங்கே தீவு வேண்டும். மென்பொருளில் வரைந்த திட்டமானாலும் நான் இதைப் பிரிண்ட் எடுத்துப் பென்சிலால்தான் செய்கிறேன். கை போகும் வேகத்தில் கண் ஏமாறுவதில்லை.

நான்கு வெட்டு

லூப்பின் இரண்டு முனையிலும், இரண்டு ரெயிலிலும் வெட்டு வேண்டும். மொத்தம் நான்கு. பழைய டிசி (நேர்மின்) லேஅவுட்டில் ஒரு ரெயிலைப் பொதுவாக விட்டு மற்றதை மட்டும் வெட்டிப் பழகியவர்கள் இங்கேயும் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். ரிவர்சர் இரண்டு ரெயிலையும் மாற்றிப் போடுகிறது, பொது ரெயில் இருந்தால் அது மாறும் ஒவ்வொரு முறையும் ஷார்ட்தான்.

ஒரு முனையின் இரண்டு வெட்டுகளும் எதிரெதிரே இருக்கட்டும். அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பரவாயில்லை, பத்து சென்டிமீட்டர் ஆகாது. வளைவில் வெட்டினால் ரெயில் முனைகள் வெளியே விரிந்து தடம் கோணலாகும். முடிந்தவரை நேர்ப் பகுதியில் வெட்டுங்கள். முடியாவிட்டால், வெட்டுவதற்கு முன்பே வெட்டின் இருபக்கமும் தாமிரப் பூச்சுள்ள பிசிபி (சர்க்யூட் போர்டு) துண்டுகளை ஸ்லீப்பர் கட்டை போல வைத்து ரெயிலை சால்டர் செய்துவிடுங்கள். அந்தப் பிசிபியின் தாமிரத்தை நடுவில் கீறிப் பிரிக்க மறக்க வேண்டாம். கீறாத பிசிபியே ஷார்ட் ஆகிவிடும்.

தீவு ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும்

என் தவறு இதுதான். பலூன் லூப் முழுவதையும் தனியாக்காமல், கைக்கு எட்டும் பக்கத்தில் சுமார் 90 செ.மீ. துண்டை மட்டும் வெட்டிப் பிரித்தேன். வயர் மிச்சம் என்று நினைத்தேன். இன்ஜின் 24 செ.மீ. நீளம்தான், அது சிரமமில்லாமல் அடங்கியது.

எச்ஓ அளவில், அதாவது 1:87-இல், நம் ஐசிஎஃப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 25 செ.மீ. வரும். ஆறு பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் 175 செ.மீ.-க்கு மேல். இன்ஜின் துண்டை விட்டு வெளியேறும் முனையில் இருக்கிறது, கடைசிப் பெட்டிகள் இன்னும் உள்ளே நுழையும் முனையில் இருக்கின்றன. வெளியேறும் முனைக்குச் சரியாக ரிவர்சர் மாறினால் நுழையும் முனையில் ஷார்ட், அதற்காகத் திரும்ப மாறினால் இந்த முனையில் ஷார்ட். பாவம், அது எந்தப் பக்கம்தான் சாயும்? அந்தப் படபடப்பு இதனால்தான்.

விளக்கு இல்லாத பெட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது. உலோகச் சக்கரம் ஒன்று வெட்டின் மேல் உட்கார்ந்தாலே இரண்டு பக்கமும் இணைந்துவிடும், பெட்டிக்குள் விளக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. பிளாஸ்டிக் சக்கரம் போட்டிருந்தவரை ஓடிய லூப், சக்கரத்தை மாற்றியதும் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

பலூன் லூப்பில் பாயிண்ட்டைத் தாண்டியதுமே இரண்டு கிளையிலும் வெட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த நீளத்துக்கு மேல் போகும் ரயில் எப்படியும் பாயிண்ட்டில் தன் வாலையே இடித்துக்கொள்ளும். முக்கோணத்திலும் குறுக்கு இணைப்பிலும்தான் மிகவும் கவனம் வேண்டும். முக்கோணத்தில் மூன்றாவது பாயிண்ட்டையும் அதைத் தாண்டிய வால் பாதையையும் சேர்த்துத் தீவாக்கினால் நீளம் தாராளமாகக் கிடைக்கும். குறுக்கு இணைப்பு குட்டையாக இருந்தால், அதை விட்டுவிட்டு அது சேரும் நீள்வட்டத்தின் ஒரு பாதியையே தீவாக்கலாமா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் பலூன் லூப், நடுவில் ஒற்றைப் பாதை என்றால், நடுப்பாதையையும் இரண்டு பாயிண்ட்டையும் ஒரே தீவாக்கி ஒரே ரிவர்சரில் முடிக்கலாம். எந்தப் பகுதி தீவு என்பதை முடிவு செய்வது நாம்தான். ‘வளையம்தான் தீவு’ என்று சட்டம் எதுவும் இல்லை.

தெரியாமல் நுழையும் வயர்கள்

வெட்டு நான்கும் சரி, நீளமும் சரி, ஆனாலும் ஷார்ட் வருகிறதா? பலகைக்கு அடியில் குனியுங்கள். முன்பு மெயின் பஸ்ஸிலிருந்து (லேஅவுட் முழுக்க ஓடும் முக்கிய வயர்) கொடுத்த ஃபீடர் (கிளை வயர்) ஒன்று லூப்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதைவிட அதிகம் ஏமாற்றுவது பாயிண்ட்டின் ஃபிராக், அதாவது அதில் இரண்டு ரெயில்கள் குறுக்கிடும் இடம். தீவுக்குள் ஒரு சைடிங் (ஒதுக்குப் பாதை) இருந்தால், அந்தப் பாயிண்ட்டின் ஃபிராக்குக்கான மின்சாரம் ரிவர்சரின் அவுட்புட்டிலிருந்துதான் வர வேண்டும். பழக்கதோஷத்தில் மெயின் பஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டால், ரயில் ஒரு திசையில் ஒழுங்காகப் போகும், மறுதிசையில் ஃபிராக்கில் நின்றுவிடும். பாயிண்ட் மோட்டாரின் டிகோடருக்கு நேர்மாறு: அதை மெயின் பஸ்ஸில் வையுங்கள். ஒவ்வொரு ஷார்ட்டிலும் மின்சாரம் தடுமாறும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் ஒரே சோதனை: மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்ஜின், விளக்குப் பெட்டி எல்லாவற்றையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ரிவர்சரின் அவுட்புட் வயர் இரண்டையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் பீப் நிலையில் வைத்து, தீவின் இடது ரெயில் – மெயினின் இடது, தீவின் இடது – மெயினின் வலது, பிறகு தீவின் வலது ரெயிலுக்கும் அதே இரண்டு. நான்கில் ஒன்றிலும் பீப் வரக் கூடாது. பாயிண்ட்டுகளை மாற்றிவிட்டு மறுபடியும் நான்கு. ஒரு நிலையில் மௌனமாக இருக்கும் பாயிண்ட் அடுத்த நிலையில் காட்டிக்கொடுக்கும். என் நண்பரின் லேஅவுட்டில் இரண்டு மாதமாகத் தேடிய கோளாறு இந்தச் சோதனையில் பத்து நிமிடத்தில் கிடைத்தது: சிக்னல் விளக்குக்காக எடுத்திருந்த மெல்லிய பச்சை வயர் ஒன்று.

யார் முதலில் விழிப்பது

ஷார்ட் வந்ததும் ரிவர்சர் முதலில் செயல்பட வேண்டும், பூஸ்டர் பொறுத்திருக்க வேண்டும். பூஸ்டர் முந்திக்கொண்டால் ரிவர்சர் மாறுவதற்குள் மின்சாரமே போய்விடும். ஆகவே ரிவர்சரின் டிரிப் கரன்ட் (அதைச் செயல்பட வைக்கும் மின்னோட்ட அளவு) பூஸ்டரின் வரம்பைவிடக் குறைவாக இருக்கட்டும். 5 ஆம்பியர் பூஸ்டருக்கு இது சிரமமில்லை. 2 ஆம்பியர் சிறு கமாண்ட் ஸ்டேஷனில்தான் (கட்டளையும் மின்சாரமும் தரும் பெட்டி) இடம் நெருக்கம். ரிலே வகை ரிவர்சர் கொஞ்சம் மெதுவானது, எலக்ட்ரானிக் வகை வேகமானது. சட்டென்று டிரிப் ஆகும் சிறு ஸ்டேஷனுக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு. அதற்காக டிரிப் கரன்ட்டை ஒரேயடியாகக் குறைத்தாலும் வம்பு. கெபாசிட்டர் வைத்த சவுண்ட் டிகோடர்கள் மின்சாரம் கிடைத்ததும் ஒரு மடக்கு வேகமாக இழுக்கும், அதை ஷார்ட் என்று நினைத்து ரிவர்சர் காரணமில்லாமல் மாறும்.

வயர் மெலிந்திருந்தாலும் இதே குழப்பம் வரும். நீளமான மெல்லிய வயரில் ஷார்ட் கரன்ட் போதுமான அளவு பாயாது, ரிவர்சருக்கு ஷார்ட் வந்ததே தெரியாது. சக்கரமும் ரெயிலும் சந்திக்கும் இடம் மட்டும் பொறிந்துகொண்டிருக்கும். பஸ்ஸுக்கு வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மி.மீ. வயர் எடுங்கள், பெரிய லேஅவுட்டுக்கு 2.5. ரெயிலிலிருந்து பஸ்ஸுக்கு வரும் ஃபீடர் மெல்லியதாக இருக்கலாம், ஆனால் குட்டையாக இருக்கட்டும். சோதிக்க, தீவின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நாணயத்தை இரண்டு ரெயில் மேலும் வைத்துப் பாருங்கள். வைத்த கணமே டிரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் கூடுதல் ஃபீடர் தேவை.

ஒட்டி நிற்கும் தீவுகள், இன்னும் சில

இரண்டு ரிவர்சர் பகுதிகள் ஒரே வெட்டைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஷார்ட் வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மாறும், ஃபேஸ் மறுபடியும் எதிராகவே இருக்கும். நடுவில் மெயின் பஸ்ஸில் இணைந்த, ரயிலைவிட நீளமான ஒரு சாதாரணப் பகுதி இருக்கட்டும். ஒரு ரயில் தீவுக்குள் நுழையும்போதே இன்னொன்று அதிலிருந்து வெளியேறக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கணினி வழியாக ரயில் ஓட்டுபவர்கள் இதை மென்பொருளிலேயே தடுத்துவிடலாம்.

கரன்ட் பார்த்து ரயில் இருப்பதைச் சொல்லும் சென்சாரை ரிவர்சருக்குப் பின்னால், தண்டவாளப் பக்கம் வையுங்கள். முன்னால் வைத்தால், தன் தேவைக்கு அங்கிருந்தே மின்சாரம் எடுக்கும் ரிவர்சர் காலிப் பாதையையும் ‘ரயில் இருக்கிறது’ என்று காட்ட வைக்கும்.

கடைசியாக, வெட்டை வெறுமனே விடாதீர்கள். சென்னையில் மே மாதம் ரெயில் நீளும், பிளைவுட் பலகை காய்ந்து சுருங்கும். இரண்டும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் வெட்டை மூடிவிட முடியும். டிசம்பரில் நன்றாக ஓடிய லூப் கோடையில் காரணமே தெரியாமல் நின்றால் முதலில் வெட்டுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுத் துண்டைச் சூப்பர் குளூ தொட்டுச் செருகி, காய்ந்ததும் ரெயிலின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிட்டால் ஆண்டு முழுவதும் தொல்லையில்லை.

எல்லாம் முடிந்ததும் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான ரயிலை, எல்லாச் சக்கரமும் உலோகமாக, இரண்டு திசையிலும் மெதுவாக ஓட்டுங்கள். ஓரோர் வெட்டின் மேலும் ஒரு சக்கரம் நிற்கும்படி நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். ரிலே வகையானால் ஒரு முனையைக் கடக்க ஒரு ‘டிக்’தான் கேட்க வேண்டும். இரண்டாவது கேட்டால் அளவு நாடாவை எடுத்துத் தீவின் நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள்.