ஓப்பராவுக்குப் பழகிய குரலோடு பாப் குழுவில் பாடுவது எப்படி

சூரிச்சில் குரல் பயிற்சி தருகிறேன். இசைக் கல்லூரியில் ஓப்பரா படித்துவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து பாடும் பாப் குழுவுக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களை முதலில் இல் டிவோ என்ற பாடகர் குழுவைக் கேட்கச் சொல்வேன். 2004-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட அந்த நால்வரில் மூவர் ஓப்பரா பயின்றவர்கள்: டெனர்கள் (உயர்ந்த ஆண்குரல்) டேவிட் மில்லர், உர்ஸ் பூலர், பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்) கார்லோஸ் மரீன். நான்காமவர் செபாஸ்டியன் இஸாம்பார், தானாகவே கற்ற பாப் பாடகர். மூச்சு கலந்த அவருடைய மென்மையான குரல் பக்கத்தில் இருப்பதால்தான் மற்ற மூவரின் குரலும் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. முதல் வரியிலேயே நால்வரும் முழுக்குரலைக் கொடுத்துவிட்டால், பல்லவி ஏறிப்போக இடமே இருக்காது.

அடுத்தது மைக். ஓப்பராவில் ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காக 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குரலுக்கு ஒரு கூர்மையை வளர்க்கிறோம். அதை அப்படியே மைக்கில் கொடுத்தால் காதைக் குத்தும். மெல்லிய வரிகளில் மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வையுங்கள். கிட்டே போகப் போகக் குரலின் அடிக்கனம் கூடும். உச்ச ஸ்வரங்களில் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் பலர் மூச்சின் பிடியையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். உடனே தொண்டை இறுகும். வரியை முதலில் தாளத்தோடு பேசிப் பாருங்கள். அப்புறம் அதே பேச்சுக் குரலில் பாடுங்கள், வயிறும் விலாவும் அரியா (ஓப்பராவில் வரும் தனிப்பாட்டு) பாடும்போது செய்யும் வேலையை விடாமல் செய்யட்டும்.

அதிக நேரம் பிடிப்பது விப்ராட்டோ, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தில் வரும் அசைவு. பயின்ற குரல் நொடிக்கு ஐந்தாறு முறை அசையும். நால்வரும் நாலு வேகத்தில் அசைத்தால் ஹார்மனி (வெவ்வேறு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) கலங்கிவிடும். ஸ்வரத்தை நேராகப் பிடித்து, கடைசிப் பாதியில் மட்டும் அசைவை அனுமதியுங்கள். இதை இரண்டிரண்டு பேராகப் பழகுவது நல்லது. சுருதிக்கு நான் போடுவது தம்புரா ஆப்தான், ஐரோப்பிய மாணவர்களுக்கும் அதேதான். பியானோவின் மேஜர் தேர்டு (நம் அந்தர காந்தாரம்) இயல்பான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் மேலே இருக்கும்; அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நூறில் ஒன்றுதான் ஒரு சென்ட். தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தோடு ஒருவர் சேர்ந்து நின்றுவிட்டால், கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பூட்டிக்கொள்வது எல்லோருக்கும் கேட்கும். அந்த நொடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

உயிரெழுத்துகளையும் ஒன்றாக்குங்கள். 'ஆ' நாலு விதமாக இருந்தால் சுருதி சரியாக இருந்தும் சேராது. வார்த்தை முடிவில் வரும் 'ஸ்' ஒலியை ஒருவர் மட்டும் சொன்னால் போதும்.

மேடையில் இன்-இயர் மானிட்டரை (உங்கள் குரலையும் இசையையும் உங்களுக்கே கேட்க வைக்கும் காதுக் கருவி) இரண்டு காதிலும் போடுங்கள். ஒன்றைக் கழற்றினால் உங்களை அறியாமல் கத்துவீர்கள்.

ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், இடையில் ஓப்பரா வாய்ப்பு வந்தால் போகலாமா, இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

சரி, பயணக் காலம். மில்லர் 2002-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'லா போயம்' ஓப்பராவில் நாயகன் ரொடோல்ஃபோவாகப் பாடியபோது, அந்தப் பாத்திரத்தை மூன்று டெனர்கள் மாறி மாறிப் பாடினார்கள். ஓப்பரா உலகம் குரலுக்கு அப்படி ஓய்வு தரும். பாப் சுற்றுப்பயணத்தில் உங்களுக்குப் பதில் ஆள் கிடையாது. அதனால் அடுத்தடுத்து எத்தனை இரவு பாடுவீர்கள் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சில நிமிடம் ஸ்ட்ராவுக்குள் மெல்லக் குரல் கொடுத்துத் தொண்டையைத் தளர்த்துங்கள். குரல் கம்மினால் கிசுகிசுக்காமல் மௌனமாக இருங்கள். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.