மலை ஊர்க் குழாய்த் தண்ணீர்: வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

"தண்ணீர் சில்லென்று இருக்கிறது, தெளிவாக இருக்கிறது, சோலைக்காட்டிலிருந்து வருகிறது. இதில் சோதிக்க என்ன இருக்கிறது?" குன்னூரில் யாரிடம் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்விதான் வரும். குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும், ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி உள்ளிட்ட நீர்த்தேக்கங்களிலிருந்தும், கோத்தகிரிக்கு ஈளாடா தடுப்பணையிலிருந்தும் தண்ணீர் வருகிறது. அணையில் அது எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும், நம் வீட்டுக்கு வருவதற்குள் பல கிலோமீட்டர் குழாய்க்குள் பயணம் செய்கிறது. வழியில் என்ன சேர்கிறது என்பதுதான் கேள்வி.

நம் ஊர்களின் அமைப்பையே பாருங்கள். சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேல் வீட்டின் கழிவுநீர்த் தொட்டி, கீழ் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கு மேலே இருக்கிறது. படிக்கட்டு ஓரமாகவும் சாக்கடையைக் குறுக்கே தாண்டியும் குழாய்கள் ஓடுகின்றன. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடினால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை நெருங்கவிடாது. சில நாட்களுக்கு ஒரு முறை விடும்போது அப்படியில்லை. வால்வை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்குகிறது. விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய நீர் உள்ளே போய்விடுகிறது. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது அதுதான் முதலில் நம் குடத்துக்கு வருகிறது.

ஆகவே ஒரே இடத்தில் சோதித்தால் போதாது, இரண்டு இடத்தில் சோதிக்க வேண்டும். ஒன்று தெருக் குழாயிலிருந்து நேரே வரும் தண்ணீர், இன்னொன்று சமையலறையில் நீங்கள் உண்மையில் குடிக்கும் தண்ணீர். கோளாறு ஊர்க் குழாயிலா, நம் வீட்டுத் தொட்டியிலா என்று அப்போதுதான் தெரியும்.

தேவையானவை

வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டு. குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று. நீச்சல் குளப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். மலக்கழிவு கலந்த நீர் பட்டால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகள் நான்கு. தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு தெர்மாமீட்டர், மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி, ஒரு நோட்டு. நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் கண்ணாடியே வசதி. ஜாம், ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி வெந்நீரில் கொதிக்க வைத்துக் காயவிட்டால் போதும்.

படி 1: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

வானம் வெளுத்த ஒரு நல்ல நாளில் சோதித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீர் கெடுவதற்கு வாய்ப்பு அதிகமான நாளில் சோதியுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்த முதல் வாரங்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர். எல்லா ஊருக்கும் பொதுவாக, கோடையில் தண்ணீர் விடும் இடைவெளி நீளும் மார்ச் முதல் மே வரை இன்னொரு முறை.

தண்ணீர் திறந்த உடனே ஒரு மாதிரியும், பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு ஒரு மாதிரியும் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் மாதிரி மோசமாகவும் இரண்டாவது நன்றாகவும் இருந்தால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்கோ குழாய் கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

படி 2: கண்ணும் மூக்கும்

கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வையுங்கள். பால்போல் வெளுத்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்துவிட்டால் அது காற்றுக் குமிழிதான், பயம் வேண்டாம். ஓர் இரவு அசைக்காமல் வைத்த பின் அடியில் மண் நிறத்தில் படிந்தால் மழைநீர்க் கலங்கல். செம்பழுப்புத் துகள் படிந்தால் பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துரு. கலங்கலை அழுக்கு என்று மட்டும் நினைக்காதீர்கள். கிருமிகள் அந்த மண் துகள்களுக்குள் ஒளிந்துகொள்வதால் குளோரின் அவற்றை எட்டுவதில்லை.

வாசனை பார்ப்பதில் நம் மலைக்கு ஒரு தனிக் கவனம் தேவை. குளிர்ந்த நீரில் வாசனை எழும்பாது. பாட்டிலில் பாதி அளவு நீர் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திக் கை பொறுக்கும் சூடு வந்ததும் மூடியபடி குலுக்கி, திறந்த உடனே முகருங்கள். சாக்கடை வாடையோ அழுகிய முட்டை வாடையோ அப்போது தெளிவாகத் தெரியும். தெரிந்தால் மற்ற சோதனைகளுக்குக் காத்திருக்காமல் அன்றிலிருந்தே கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

படி 3: குளோரின்

செலவு குறைவு, தெரியும் செய்தி அதிகம் என்றால் இந்தச் சோதனைதான். ஊர்த் தண்ணீரில் குளோரின் கலப்பது அணையருகே உள்ள கிருமியைக் கொல்ல மட்டும் அல்ல, வழியில் சேரும் கிருமியையும் எதிர்கொள்ளக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, இந்த எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது.

தண்ணீர் விடும் நேரத்தில் தெருக் குழாயடியிலேயே நின்று செய்யுங்கள். பிடித்து வைத்துவிட்டு மாலையில் செய்தால் குளோரின் பறந்துபோயிருக்கும். பெட்டியில் உள்ள சோதனைக் குழாயை அதே தண்ணீரால் அலசி, கோடு வரை நிரப்பி, சொன்ன அளவு சொட்டு விட்டு, மூடிக் கலக்குங்கள். ஆர்த்தோடோலிடின் மருந்து என்றால் மஞ்சளாகும், டி.பி.டி. என்றால் இளஞ்சிவப்பாகும். பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆர்த்தோடோலிடினில் முதல் சில விநாடிகளில் தெரியும் நிறத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். நேரம் ஆக ஆக வேறு சேர்மங்களும் நிறம் கொடுத்து அளவைக் கூட்டிக் காட்டும். இந்த மருந்து நச்சு. கையில் பட்டால் கழுவுங்கள், சோதித்த நீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

நிறமே வராவிட்டால் அந்தத் தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லை என்று பொருள். கிருமி இருக்கிறது என்று பொருளல்ல. அதை அடுத்த படி சொல்லும்.

படி 4: கறுக்கும் குப்பி

ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனையை 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆய்வகம் இல்லாத ஊர்களுக்காகவே வந்த முறை இது. மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்கள் பல, குப்பிக்குள் இருக்கும் மருந்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்குகிறது.

செய்யும் விதம்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயில் ஹோஸ், வடிகட்டித் துணி இருந்தால் கழற்றுங்கள். வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். குப்பியின் மூடியைக் கையில் பிடித்தபடியே, கீழே வைக்காமல், உள்பக்கம் விரல் படாமல், கோடு வரை நிரப்பி மூடுங்கள். ஒன்று தெருக் குழாயிலிருந்து, ஒன்று சமையலறையிலிருந்து. மூன்றாவது குப்பியில் நன்கு கொதித்து ஆறிய நீர். நான்காவதில் கொதித்து ஆறிய நீரோடு சில சொட்டு ஓடை நீரோ சாக்கடை நீரோ.

கடைசி இரண்டும் எதற்கு? குப்பி வேலை செய்கிறதா என்பதற்குச் சாட்சி அவை. மூன்றாவது தெளிவாகவே நிற்க வேண்டும், நான்காவது கறுக்க வேண்டும். நம் ஊரில் இதைத் தவிர்க்கவே கூடாது. குப்பி உறையில் "24 முதல் 48 மணி நேரம் அறையில் வைக்கவும்" என்று அச்சிட்டிருப்பார்கள். அது சமவெளி அறைக்குப் பொருந்தும். பாக்டீரியா வளர 30 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் ஊட்டி வீட்டு அலமாரியில் வைத்த குப்பி கறுக்கவில்லை என்றால், கிருமிக்குக் குளிர் எடுத்தது என்றுகூட இருக்கலாம். அதை வைத்துத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டுவது ஆபத்து.

தெர்மோகோல் பெட்டிக்குள் துணி விரித்துக் குப்பிகளை நிறுத்துங்கள். ஓரத்தில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, குப்பிகளை ஒட்டாமல் வையுங்கள். தெர்மாமீட்டரையும் உள்ளே போட்டு மூடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை வெந்நீரை மாற்றுங்கள். 40 டிகிரியைத் தாண்டவிட வேண்டாம். இரவில் சூடு குறைந்தால் கவலையில்லை, இன்னும் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். சாக்கடைக் குப்பி கறுத்த பிறகே மற்றவற்றின் முடிவை நம்பலாம்.

முடிந்ததும் கறுத்த குப்பிகளைத் திறந்து பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் விட்டுக் கழிவறையில் கொட்டுங்கள்.

படி 5: முடிவைப் படிப்பது

தெருக் குழாயில் குளோரின் இருந்து, குப்பி தெளிவாக இருந்து, சமையலறைக் குப்பி மட்டும் கறுத்தால் கோளாறு உங்கள் தொட்டியில். சமையலறை நீரில் குளோரின் இல்லாதது மட்டும் பெரிய குற்றமல்ல. தொட்டியில் கிடந்தால் அது குறையத்தான் செய்யும். தெருக் குழாயில் குளோரினும் இல்லை, குப்பியும் கறுத்தது என்றால் விநியோகத்தில் கோளாறு. அன்றே அண்டை வீட்டாருக்குச் சொல்லுங்கள், அவர்களும் அதே குழாயில்தான் குடிக்கிறார்கள்.

குப்பி கறுக்காவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமல்ல. வைரஸையும், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் இது காட்டாது. சில சமயம் மலக்கழிவுத் தொடர்பில்லாத பாக்டீரியாவாலும் கறுக்கும். கறுத்தால் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த இடத்தில் ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி பற்றிச் சொல்லியாக வேண்டும். விற்பனையாளர் ஒருவர் வந்து உங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். தண்ணீர் பழுப்பாகிவிடும். "பார்த்தீர்களா, இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்பார். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, அவ்வளவுதான். அந்த உப்பு நோய் அல்ல. ஆர்.ஓ.வின் முக்கிய வேலை உப்பைக் குறைப்பது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது தர நிர்ணயம். மலை நீர்த்தேக்கத் தண்ணீர் இயல்பாகவே அதைவிட வெகு குறைந்த உப்புடையது. நமக்கு வேண்டியது கிருமிக்கு மருந்து. கோடையில் குடத்தை எண்ணிப் பிடிக்கும் ஊரில், பாதித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் கருவியை வாங்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

உப்பு குறைந்த மென்னீருக்கு ஒரு குணம் உண்டு. குழாய் உலோகத்தை மெல்ல அரிக்கும். காலையில் இரவெல்லாம் குழாய்க்குள் நின்ற முதல் நீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துவிட்டு, பிறகு வருவதைக் குடிக்க எடுங்கள்.

படி 6: ஆய்வகம்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை அங்கிருந்தே வாங்குங்கள். அதற்குள் இருக்கும் சிறு மருந்து குளோரினை முறிப்பதற்கானது, கழுவிக் கொட்டிவிடக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைப்பது நல்லது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே விதி. ரசாயனச் சோதனைக்குத் தனிப் பாட்டில். உங்கள் நீர் ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வந்து, மேலே தேயிலையோ கேரட், உருளைக்கிழங்கு வயலோ இருந்தால் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உரத்திலிருந்து இறங்குவது அது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

படி 7: சரியாகும் வரை

கொதிக்க வைப்பதே உறுதியான வழி. குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலும், ஊட்டியில் 93-க்குச் சற்றுக் கீழேயும் கொதித்துவிடும். உயரம் கூடக் கூடக் கொதிநிலை இறங்குவதால், 2,000 மீட்டருக்கு மேல் கொதி வந்த பின் மூன்று நிமிடம் கொதிக்கவிடும்படி பரிந்துரைக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரியிலும் அதையே பின்பற்றுங்கள். முதல் குமிழியிலிருந்து எண்ண வேண்டாம், தளதளவென்று கொதித்ததும் எண்ணுங்கள். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, கை படாமல் நீள்பிடிக் கரண்டியால் எடுங்கள்.

தொட்டிதான் காரணம் என்றால் காலி செய்து, தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 150 கிராம் வீதம் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். அந்த நீரைக் குடிக்கக் கூடாது, ஓடையில் விடவும் கூடாது. பிளீச்சிங் பவுடரை எந்த ஆசிடோடும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பிறகு வடித்து, அலசி, மூடியின் விளிம்பில் இடைவெளி இல்லாமல் பாருங்கள். குரங்குகள் மூடியைத் திறக்கும் ஊர் இது, கம்பி கட்டுங்கள்.

ஊர்க் குழாய்தான் காரணம் என்றால் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தேதி, தண்ணீர் திறந்த நேரம், குளோரின் அளவு, கறுத்த குப்பியின் படம், ஆய்வக அறிக்கை ஆகியவற்றை இணைத்து, தெருவில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம். பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம். கசிவை அடைத்ததாகச் சொன்னால், அடுத்து இரண்டு முறை தண்ணீர் வந்து பழைய நீர் கழுவிப் போனதும், படி 3-ஐயும் 4-ஐயும் மறுபடி செய்யுங்கள். கொதிக்க வைப்பதை அதன் பிறகு நிறுத்தலாமா என்று முடிவு செய்யலாம்.